பலகையின் முதல் ஆணி

ஜூன் 6

அன்புள்ள மகளுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அது அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட எழுதுவது மேல் என்று எழுதுகிறேன். உன் அத்தை என் கூடப் பிறந்தவள்தான், ஆனால் அவளும் "அவ தூங்குறாண்ணே" என்று ஒரே பல்லவியைப் பாடுகிறாள். பட்டப்பகலில் என்ன தூக்கம் என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறாள்.

அம்மாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த மறுநாளே நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தை ஊருக்குக் கிளம்பிவிட்டாய். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். இத்தனை பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மேற்பார்வையாளர், தன் மகள் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டாள் என்று தெரியாமல் விழிப்பது பார்க்க நன்றாக இல்லை.

ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. அன்று அம்மாவின் மூச்சு நின்றபின், காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு உன்னிடம் சொல்லத்தான் வார்டிலிருந்து கீழே இறங்கி வந்தேன். நீ வேலை செய்கிற அழுக்குப் பக்கத்துக் கதவைத் தட்டினேன். நீ இல்லை. மறுபடி மேலே வந்தால், நீ கட்டிலருகில் நிற்கிறாய். எனக்கு முன்னால் உன்னிடம் யார் சொன்னது? லிஃப்ட்காரரா? வேலை நேரத்தில் வார்டுச் செய்தியைக் கீழே கொண்டுபோகக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கேட்டால் கண்ணைக் கசக்குகிறார்.

அம்மாவின் கம்பளி வீட்டில் இல்லை. நீ எடுத்துப் போயிருந்தால் சந்தோஷம். அங்கே குளிர் அதிகம் என்று கேள்வி.

உன் பெயர் எழுதிய வில்லை இன்னும் வேலைப் பலகையில்தான் தொங்குகிறது.

அப்பா


ஜூன் 21

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. லிஃப்ட்காரர் எதுவும் சொல்லவில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரை சமையலறை அலமாரியில், மேல் தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. அம்மா அங்கேதான் வைப்பார்கள். வெள்ளை காலையில், மஞ்சள் சாப்பாட்டுக்குப் பிறகு.

எனக்கு இங்கே ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. அத்தை பொய் சொல்லவில்லை, நான் தூங்கத்தான் செய்கிறேன். வேலை முடிந்து வந்து படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன். கையில் இருந்த புண்ணும் ஆறிவருகிறது.

என் வில்லையைப் பலகையிலிருந்து கழற்றிவிடுங்கள்.

கம்பளி என்னிடம் இல்லை.

உங்கள் மகள்


ஜூலை 9

அன்புள்ள மகளுக்கு,

கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகுதான் தலைவலியே.

திங்கட்கிழமை பலகையில் வில்லை மாட்டும்போது முதல் ஆணியில் யாரை மாட்டுவது என்று யோசித்து நின்றேன். முதல் ஆணி அழுக்குப் பக்கம் அல்லவா? வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து, இரத்தம் பட்டதை ஒருபுறமும் படாததை ஒருபுறமும் போடுகிற வேலை. அதை யாரும் ஆசையாகக் கேட்கப்போவதில்லை. முறைவைத்து வாராவாரம் ஒருவர் என்று முடிவு செய்து, இஸ்திரி அக்காவின் வில்லையை மாட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றாள். தப்பு ஒன்றும் இல்லை, முறை என்றேன். "இத்தனை வருஷமா இல்லாத முறை இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றாள்.

அடுத்த வாரம் நெட்டையர். முதுகுவலி என்று லீவு போட்டார். நான்கு பேர் கூடிப் பேசுவார்கள், நான் போனால் கலைந்துவிடுவார்கள். எனக்குத் 'தராசு' என்று பெயர் வைத்தவர்களே அவர்கள்தான். "தராசுகிட்ட போனா நியாயம் கிடைக்கும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பியவர்கள். நேற்று நெட்டையர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "உங்க நியாயமெல்லாம் உங்க பொண்ணு இருந்த வரைக்கும்தான் சார்."

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. நான் மாறவே இல்லையே. அன்று எப்படி இருந்தேனோ அப்படியேதான் இன்றும் இருக்கிறேன்.

நீ என் மகள் என்பதால் வேலை கிடைத்தது என்று ஒரு பேச்சு இருந்தது. அந்த வாயை அடைக்கத்தான் உன்னை முதல் ஆணியில் மாட்டினேன். உனக்குத் தெரியும். கொஞ்ச நாள் என்றுதான் நினைத்தேன். நீயும் ஒன்றும் சொல்லவில்லை.

மாத்திரை கிடைத்தது. டப்பாவில் அம்மாவின் கொண்டை ஊசியும் இருந்தது.

அப்பா


ஆகஸ்ட் 2

அப்பா,

"நீயும் ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். பதிலே போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். அத்தைதான், "மனசுல வச்சு வச்சு வயித்தைக் கெடுத்துக்காதே, எழுதித் தொலை" என்றார்கள். எழுதித் தொலைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எனக்கு வயிறு வலிக்கும். ஞாபகம் இருக்கிறதா? அம்மா சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். நீங்கள் பேப்பரை மடித்துவிட்டு, "வெளியில கண்டதைத் தின்னா அப்படித்தான்" என்பீர்கள். நான் வெளியில் எதுவுமே தின்றதில்லை அப்பா. மறுநாள் பலகை. அவ்வளவுதான். இந்த வாரமாவது மாறுமா என்று ஞாயிறு முழுக்க நினைப்பேன். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் என் வில்லை அதே ஆணியில் இருக்கும். மற்ற எல்லா வில்லையும் இடம் மாறியிருக்கும். இஸ்திரி அக்கா மடிக்கும் மேசைக்கு, நெட்டையர் வண்டிக்கு, இன்னொருவர் உலர்த்தும் அறைக்கு. எல்லோருக்கும் மாறும். நான்தான் ஆணி அடித்ததுபோல் அங்கேயே இருப்பேன்.

வேலை கஷ்டம் என்று நான் சொல்லவே இல்லை. இரத்தமும் சீழும் எனக்குப் பழகிப்போயின. "உன் அப்பா மாதிரி நியாயஸ்தர் உண்டா" என்று அவர்கள் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொல்வார்களே, அதுதான் பழகவில்லை. நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். பிறகு உள்ளே போய் மூட்டையைப் பிரிப்பேன். அவர்களுக்குக் கிடைத்த நியாயம் யார் தலையில் இருந்து எடுத்தது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில். அம்மாவை வார்டில் சேர்த்ததும் நான் உங்களிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டேன். ஒரு வாரம் சுத்தப் பக்கம் போடுங்கள், இடையில் மேலே போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன் என்று கேட்டேன். அழுக்குப் பக்கத்தில் இருப்பவர் வேலை முடிந்து குளித்து உடை மாற்றாமல் வார்டுக்குப் போகக் கூடாது. அது சரியான விதி, நான் குறை சொல்லவில்லை. அதனால்தானே மாற்றிக் கேட்டேன்? நீங்கள் தலையை நிமிர்த்தாமலே, "மத்தவங்களுக்கும் அம்மா இருக்காங்க" என்றீர்கள்.

அன்று அம்மாவின் வார்டு மூட்டை வந்தது. பிரித்தேன். மேலே இரண்டு விரிப்பு, ஒரு தலையணை உறை. அதற்கடியில் நம் வீட்டுக் கம்பளி. அரக்கு நிறம், இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய மூலையில் அம்மா பச்சை நூலால் தைத்த தையல். அதை அம்மா ஒரு நிமிஷம்கூட விட்டுப் பிரியமாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்கிறீர்களே, யாரும் சொல்லவில்லை. கம்பளி கீழே வந்துவிட்டது. அப்படியென்றால் அம்மா இல்லை.

அதை நான் கையில் வைத்திருந்தேன். இன்னும் லேசாகச் சூடு இருந்ததோ, என் கைச்சூடோ, தெரியாது. பிறகு என்ன செய்தேன் தெரியுமா? மூட்டையில் வந்த எல்லாமே மெஷினுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தந்தபடி அதையும் மெஷினில் போட்டேன். மற்ற துணிகளோடு. பாரபட்சம் இல்லாமல். அதற்குப் பிறகுதான் மேலே ஓடினேன், பின்பக்கப் படிக்கட்டு வழியாக.

நீங்கள் வந்தீர்கள். அம்மா கிடக்கிறார்கள், நான் நிற்கிறேன். என்னைப் பார்த்து நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "குளிக்காம ஏன் வந்தே?"

இனி இதைப் பற்றிக் கேட்காதீர்கள்.


செப்டம்பர் 18

மகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பல தடவை உட்கார்ந்தேன்.

முதல் ஆணியில் இப்போது என் வில்லை தொங்குகிறது. மேற்பார்வையாளருக்கு வில்லை கிடையாது என்பதால் ஒரு பழைய வில்லையைச் சுரண்டி என் பெயர் எழுதிக்கொண்டேன். காலையில் மூட்டை பிரிக்கிறேன், மத்தியானத்துக்குமேல் குளித்துவிட்டு மேசை வேலை பார்க்கிறேன். யாருக்கும் இதில் சந்தோஷம் இல்லை. இஸ்திரி அக்கா, "எங்களைக் குத்திக் காட்டத்தானே சார் இது?" என்றாள். நான் அப்படி நினைக்கவில்லை. என்ன நினைத்தேன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

அழுக்குப் பக்கத்தில் மூட்டை மேசைக்கு எதிரே கம்பி போட்ட ஒரு சன்னல் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்த மேசைக்குப் பின்னால் நின்று நான் வெளியே பார்த்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் டீ குடிக்கிற தாழ்வாரம் தெரிகிறது. என் நாற்காலி தெரிகிறது. நாற்காலி சன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டிருக்கிறது. நீ தினமும் பார்த்தது என் முதுகு.

இதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடிகிறது.

உன் கை ஏன் புண்ணாயிற்று என்றும் தெரிந்துகொண்டேன். கையுறை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. முழங்கை வரை வருகிற கையுறை வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். நீ இருந்தபோதே நான் கேட்டிருக்கலாம்.

கம்பளியைத் தேடுகிறேன். சொந்தக்காரர் தெரியாத துணி ஒரு மாதம் தனித் தட்டில் இருக்கும், பிறகு ஆஸ்பத்திரி முத்திரை குத்தி வார்டுக்கு அனுப்பிவிடுவோம். அந்தத் தட்டை வாராவாரம் பார்ப்பதும் என் வேலைதான். நீ கொண்டுபோயிருப்பாய் என்ற நினைப்பில் நான் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது எந்த வார்டில் யார் மேல் கிடக்கிறதோ. எப்படியும் ஒருநாள் மூட்டையில் வந்துதானே ஆக வேண்டும்?

அப்பா


அக்டோபர் 5

அப்பா,

தேடாதீர்கள். உங்கள் வயதுக்கு அந்த மேசையில் நின்றால் இடுப்பு போய்விடும். எனக்கு மனம் ஆறட்டும் என்று நின்றால், அது அப்படி ஆறாது. வேறு எதற்காகவாவது நின்றால் உங்கள் இஷ்டம்.

இங்கேயும் அழுக்குப் பக்கம் உண்டு. விடுதிதானே என்று நினைக்காதீர்கள், மனிதர்கள் எங்கே படுத்தாலும் விரிப்பு விரிப்புதான். எங்கள் மேற்பார்வை அம்மா உங்களைப்போல் தராசெல்லாம் இல்லை. தனக்கு வேண்டியவளுக்கு லேசான வேலை கொடுப்பாள், நாங்கள் முகத்துக்கு நேராகச் சண்டை போடுவோம், "சரி சரி, அடுத்த வாரம் அவளுக்குப் போடுறேன், கத்தாதீங்க" என்பாள். சொன்னபடி போடுவாள். ஆணிப்பலகை கிடையாது. வாரக் கடைசியில் எங்களைச் சுற்றி உட்காரவைத்து, "யாருக்கு என்ன தொல்லை, சொல்லுங்க" என்று கேட்பாள். முதல் தடவை என்னிடம் கேட்டபோது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். எனக்கு அங்கே எந்தத் தொல்லையும் இல்லை. அவள் கேட்டதுதான் காரணம்.

என் முறை வரும்போது நானும் அழுக்குப் பக்கம் நிற்கிறேன். அதே நாற்றம்தான், அதே வேலைதான். ஆனால் முறை முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை வயிறு வலிக்கவில்லை.

மஞ்சள் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடாதீர்கள். நீங்கள் மாற்றித்தான் போட்டுக்கொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.


நவம்பர் 11

பாப்பா,

வந்துவிட்டது.

இன்று காலை, பெண்கள் வார்டு மூட்டையில். நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மூலையில் பச்சைத் தையல் அப்படியே இருக்கிறது, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி முத்திரை. என் மேசையில் இருக்கிற முத்திரைதான்.

அதைத் துவைத்து, உலர்த்தி, நானே மடித்து, தனித் தட்டில் வைத்திருக்கிறேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. முத்திரை விழுந்த துணி ஆஸ்பத்திரிச் சொத்து. ஆஸ்பத்திரி மாடிப்படி கூட்டும் அம்மாவுக்கு, ஞாபகம் இருக்கிறதா, ஒரு பழைய துண்டைப் பையில் வைத்துக்கொண்டு போனதற்காக வேலை போயிற்று. புகார் எழுதிக் கொடுத்தவன் நான். அந்த அம்மா, "ஓட்டைத் துண்டு சார்" என்றாள். ஓட்டையானாலும் துண்டு துண்டுதான் என்று நான் சொன்னேன். அன்று மாலை எல்லோரும் என் பக்கம்தான் பேசினார்கள்.

நான் ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டது. வழியனுப்பு விழா ஏற்பாடு நடக்கிறது. கையுறை வந்ததிலிருந்து நெட்டையர்கூட முகம் கொடுத்துப் பேசுகிறார். மறுபடியும் 'தராசு' என்கிறார்கள்.

மேலாளரிடம் கேட்டேன். முத்திரை உள்ளதைக் கணக்கிலிருந்து கழித்துத் தர வழி இல்லையாம், ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்களாம். அவர் சொன்னது நான் சொல்கிற வார்த்தைதான்.

இதுவரை உன்னை எதுவும் கேட்டுச் செய்ததில்லை. இப்போது கேட்கிறேன். என்ன செய்யட்டும், சொல்.

அப்பா


நவம்பர் 19

அப்பா,

பாப்பா என்று எழுதியிருந்தீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தீர்கள், கூடத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்று. வீட்டிலும் நிறுத்திவிட்டீர்கள்.

என்ன செய்யட்டும் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். எடுத்துக்கொண்டு வாருங்கள். தபாலில் வேண்டாம். நீங்களே கொண்டுவாருங்கள்.

நான் கேட்பது தப்பு என்று எனக்குத் தெரியும். துண்டு எடுத்த அம்மாவுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். கேட்பது சரிதான். அம்மாவும் நானும் உங்கள் நல்ல பெயருக்காக நிறையக் கொடுத்துவிட்டோம் அப்பா. ஒரே ஒரு தடவை எங்களுக்காகக் கெட்ட பெயர் வாங்குங்கள்.


டிசம்பர் 8

பாப்பா,

ஆக வேண்டியது ஆயிற்று. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் கம்பளியைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஒளித்து வைக்கவில்லை, மேலாகவே வைத்திருந்தேன். காவலர் என் பையை ஒருநாளும் திறந்ததில்லை. அன்றும் சலாம் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். நான் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் நின்றுவிட்டேன். மாடிப்படி கூட்டும் அம்மாவின் பையைத் திறந்த இடமும் அதுதான். "என் பையையும் பாருங்க" என்று நானே சொல்லிவிட்டேன்.

நீ சிரிப்பாய். அல்லது கோபப்படுவாய். நான் என்ன செய்வேன், இத்தனை வயதுக்குமேல் திருடவும் ஒழுங்காக வரவில்லை.

பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். "சார், இது..." என்றார். என் வீட்டுக்காரியுடையது என்றேன். எல்லோரும் வேலை முடிந்து வெளியே வருகிற நேரம். இஸ்திரி அக்கா பார்த்தாள், நெட்டையர் பார்த்தார். யாரோ, "தராசே இப்படியா" என்றார்கள். என்மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விழா கிடையாது. முன்கூட்டியே ஓய்வில் போகச் சொல்லிவிட்டார்கள். அதுவும் சலுகைதான், துண்டு எடுத்த அம்மாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

கம்பளியை வாங்கிக்கொண்டார்கள். இந்நேரம் ஏதாவது கட்டிலில் கிடக்கும். கேட்டுப் பார்த்தேன் பாப்பா. வாசலில் எல்லோர் முன்னிலையிலும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன்.

நீ கேட்ட இரண்டில் ஒன்றுதான் கிடைத்தது. கெட்ட பெயர் வாங்கிவிட்டேன். கம்பளி இல்லை.

வீட்டில் ஒருவரும் இல்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு இடம் கிடைக்கும் என்கிறார்கள். வெறுங்கையோடு வரலாமா?

அப்பா


டிசம்பர் 14

அப்பா,

வாருங்கள்.

அத்தை வீட்டில் போய் இறங்க வேண்டாம், நேராக என் வேலை இடத்துக்கு வாருங்கள். பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பின்வாசல் பக்கம் ஒரு பெஞ்சு இருக்கும், எங்கள் சன்னலைப் பார்த்தாற்போல் போட்டிருக்கும். அதில் உட்காருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அழுக்குப் பக்கம் முறை. மாற்றிக் கேட்டால் மேற்பார்வை அம்மா தருவாள். நான்தான் கேட்கவில்லை, இன்னொருத்தி போன வாரம் எனக்காக நின்றாள். அதனால் நீங்கள் வந்ததும் என்னால் ஓடிவர முடியாது. சன்னல் வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தத் தடவை குளித்துவிட்டே வருகிறேன். அதுவரை உட்கார்ந்திருங்கள்.

பாப்பா